குழம்பைச் சேர்த்து வையுங்கள், சோற்றை அன்றன்றைக்கு வடியுங்கள்

அண்ணாமலைநகரிலும் தேவனாம்பட்டினத்திலும் சிப்காட் ஓரத்திலும் அறை எடுத்துத் தங்கி, தாங்களே பொங்கிச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு,



மாதம் பிறந்து முதல் பத்து நாள் பிரியாணி, அடுத்த பத்து நாள் பரோட்டா, கடைசிப் பத்து நாள் டீயும் பன்னும் என்று உங்களில் பாதிப் பேர் காலம் தள்ளுவது தெரிந்துதான் எழுதுகிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே அடுப்பில் பெரிய அண்டா வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுவதை மேற்பார்த்தே பாதி ஆயுள் போயிற்று. நாலு பேருக்கு ஆக்குவதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல அந்த உரிமை போதும் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பிகள். போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தக்காளி சாதம், தேங்காய் சாதம், குருமா என்று சமைத்து, நாளுக்கு ஒன்றாக ஏழு டப்பாவில் அடைத்து அடுக்கி வைத்தார்கள். வெளிநாட்டில் அப்படித்தான் செய்கிறார்களாம். செய்வார்கள், அங்கே வீட்டுக்கு வீடு உறைபெட்டி இருக்கிறது. இவர்களிடம் இருப்பது ஒரு மின்விசிறியும் ஒரு ஜன்னலும். செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படியில் இறங்கிய வாசனையை நான் விவரிக்க வேண்டாம். பணம் போனது ஒரு பக்கம். சேர்த்துச் சமைப்பதே நமக்குச் சரிப்பட்டு வராது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சேர்த்துச் சமைப்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் முறை வேறு. முழுச் சாப்பாட்டையும் ஆக்கி வைப்பது நம் வழக்கமே இல்லை. சோறு அன்றன்றைக்கு. சோற்றோடு சேர்வதுதான் வாரத்துக்கும் மாதத்துக்கும் வருஷத்துக்கும் சேர்த்துச் செய்தது: பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு, வற்றல், வடகம், கருவாடு. சோறு வடிக்க அரை மணி நேரம். குழம்புக்குத்தான் நறுக்கு, வதக்கு, அரை, கொதிக்க விடு என்று நேரமும் காசும் கேஸும் போகின்றன. அந்த வேலையை ஒரு நாளில் முடித்துப் பாட்டிலில் அடைத்துவிட்டால், மற்ற நாட்களில் அறைக்கு வந்து குக்கரை வைத்துவிட்டு முகம் கழுவி வருவதற்குள் சாப்பாடு ரெடி. ஃப்ரிட்ஜ் இல்லாத நாட்டில் எத்தனையோ தலைமுறை யோசித்துக் கண்ட ஏற்பாடு இது.

இதன் அருமை எங்கள் தெருவுக்குத் தெரிந்தது தானே புயலில். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கடலூரில் மின்கம்பம் நின்ற தெருவைத் தேட வேண்டியிருந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கானது. ஃப்ரிட்ஜ் வைத்திருந்த வீடுகளில் முதல் இரண்டு நாளிலேயே எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார்கள். பரணில் கருவாட்டுப் பானையும் வடகச் சட்டியும் இருந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது, சாப்பாடும் நடந்தது. வெள்ளமோ புயலோ, வெளியூர்க்காரர்கள் நமக்குக் கட்டி அனுப்பும் பொட்டலத்தில் புளிச்சோறு தவறாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். பயணம் தாங்கும், வெயில் தாங்கும், மறுநாள் வரை நிற்கும்.

இனி சமையலுக்கு வருவோம். முதலில் பருப்புப் பொடி. இதற்கு மேல் ஒரு பாதுகாப்பு உங்கள் அறைக்குக் கிடையாது.

கால் கிலோ துவரம்பருப்பை வெறும் வாணலியில் போட்டு, தீயைக் குறைத்து, கை ஓயாமல் வறுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், பொடியில் அந்தப் பச்சை வாடை கடைசி ஸ்பூன் வரை போகாது. மணம் கிளம்பி, பருப்பு செம்பு நிறத்துக்கு வந்ததும் கொட்டிவிட்டு, அதே சூட்டில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையைப் புரட்டி எடுங்கள். பிறகு பன்னிரண்டு பதினைந்து காய்ந்த மிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், கட்டிப் பெருங்காயம் ஒரு துண்டு. பூண்டு போடுவதானால் பத்துப் பல்லைத் தோலோடு தட்டி, ஈரம் சுண்டும் வரை வறுக்க வேண்டும். அந்த ஈரம்தான் பொடிக்குப் பகை. எல்லாம் நன்றாக ஆறிய பிறகே உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் மிக்ஸி மூடியில் வேர்க்கும், அந்த வேர்வை பொடியில் இறங்கும், பத்தே நாளில் பூசணம். மிக்ஸி இல்லாத அறையென்றால் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். ஒரு கிண்ணம் பொடியைக் கொடுத்தால் எந்த வீட்டுக்காரம்மாவும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

சுடுசோறு, இரண்டு ஸ்பூன் பொடி, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், சுட்ட அப்பளம் ஒன்று. பரீட்சைக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு இதைவிட ஆறுதலான சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது புளிக்காய்ச்சல். இருநூறு கிராம் பழம்புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். இதில் மட்டும் பாமாயில் ஊற்றாதீர்கள், ஆறியதும் உறைந்து நாக்கில் ஒட்டும். கடுகு, கடலைப்பருப்பு, ஒரு பிடி மல்லாட்டை, மிளகாய், மஞ்சள், பெருங்காயம் தாளித்துப் புளியை ஊற்றி, அது பாதியாகச் சுண்டி எண்ணெய் ஓரம் கட்டி மேலே மிதக்கும் வரை அடுப்பை விட்டு நகராதீர்கள். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் மல்லியும், ஒரு சிட்டிகை வெல்லம். புளிப்பும் உப்பும் மேலே நிற்கும் எண்ணெயும்தான் இதைக் காப்பாற்றுகின்றன. ஈரக் கரண்டி போடாதவரைக்கும் வாரக்கணக்கில் கெடாது. அறையில் ஒருவன் ஈரக் கரண்டி போடுவான். அவன் யார் என்று கண்டுபிடித்து, கரண்டிப் பொறுப்பையே அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

கருவாட்டைப் பற்றிச் சொல்லாமல் கடலூர்க்காரி கடிதம் எழுத முடியாது. முதுநகர்த் துறைமுகமும் பரங்கிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, கோழிக்கறிக்குக் கொடுக்கும் காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நெத்திலிக் கருவாடு நூறு கிராம் இருந்தால் நாலு பேருக்கு இரண்டு வேளைக் குழம்பு. வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் ஈரம். வெந்நீரில் ஊறவைத்து மணல் போக மூன்று நாலு தண்ணீர் அலசிவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்தரிக்காயோடு புளி கரைத்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் பண்ருட்டிப் பலா வந்து குவியும்போது பலாக்கொட்டையைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்து அந்தக் குழம்பில் போடுங்கள். உருளைக்கிழங்கெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. வைத்த அன்றைக்கு விட மறுநாள் காலையில்தான் கருவாட்டுக் குழம்புக்குக் குணம் வரும். பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டால் மதியம் வரை வயிறு பேசாது.

கருவாடு சமைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு அறை வாடகைக்கு விடுகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள் என்று தெரியும். அந்த மாதிரி வீடுகளில் வாடகை குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் மலிவான புரதத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு வாடகையில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு? வேறு வீடு பாருங்கள்.

சைவப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிதம்பரத்துக்காரர்களுக்குக் கொத்சு இருக்கிறது. நடராஜர் கோயிலில் மிளகு, சீரகம், நெய் போட்ட சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடி. கத்தரிக்காயும் சின்ன வெங்காயமும் நல்லெண்ணெயில் வதங்கி, புளித் தண்ணீரில் வெந்து மசிய, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், கடலைப்பருப்புப் பொடியைத் தூவி இறக்க வேண்டியதுதான். கத்தரிக்காய் மலிந்து கிடக்கும் நாளில் ஒரு கிலோ வாங்கிச் செய்தால் ராத்திரி சாதத்துக்கு, காலையில் இட்லிக்கு, மதியம் பொங்கலுக்கு என்று மூன்று வேளை ஓடும். கத்தரிக்காய் உங்களுக்கு அந்நியமும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கத்தரி ரகம் ஒன்றுக்கு ‘அண்ணாமலை’ என்றே பெயர். அங்கே படிக்கிற பிள்ளை கத்தரிக்காயைத் தட்டில் ஒதுக்கி வைப்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இத்தனை சொன்ன பிறகு ஒரு கண்டிப்பு. சிக்கனம் என்றதும் உங்களில் பலர் முதலில் கை வைப்பது பருப்பிலும் முட்டையிலும். ரசஞ்சோறு, ஊறுகாய் சாதம், வெறும் நூடுல்ஸ் என்று வயிற்றை நிரப்பிவிட்டு, சாப்பிட்டாயிற்று என்கிறீர்கள். வயிறு நிறைவதும் உடம்பு தேறுவதும் ஒன்றல்ல என்ற சண்டை இந்த மாகாணத்தில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது. தாது வருஷப் பஞ்சத்தில், 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியைச் சுருக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை இந்திய அரசாங்கம் அனுப்பியது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் போதும் என்றார் அவர். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்ற மருத்துவர் அதை எதிர்த்து எழுதினார். மண் சுமக்கிறவனுக்கு அந்த அளவு காணாது, தானியத்தைக் கூட்டுவதோடு பருப்பும் காயும் சேர வேண்டும் என்பது அவர் வாதம். முகாம்களில் எலும்பும் தோலுமாக ஜனங்கள் விழுந்ததுதான் கார்னிஷ் சொன்னதற்குச் சாட்சி.

உங்களை யாரும் கூலியைச் சுருக்கச் சொல்லவில்லை. நீங்களே உங்களுக்கு டெம்பிள் துரையாக இருக்காதீர்கள் என்கிறேன்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு. அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் நிறைய, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே தட்டில் சேரும்போது உடம்புக்கு முழுசாகக் கிடைக்கிறது. நாலு பேருக்கு ஒரு வேளை சாம்பார் சாதம் என்றால் 450 கிராம் அரிசி, 150 கிராம் துவரம்பருப்பு, கையில் கிடைத்த காய். ஆளுக்குப் பதினைந்து பதினாறு கிராம் புரதம் வந்துவிடும். ஒரு முட்டை சேர்ந்தால் இன்னும் ஆறு. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளைக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. இரண்டு வேளை இப்படிச் சாப்பிட்டால் பெரும்பகுதி முடிந்தது. எங்கள் சத்துணவுக் கூடத்தில் முட்டையும், வாரத்தில் ஒரு நாள் பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலும் வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய திட்டத்தில் முட்டை பின்னால்தான் வந்தது. அது வந்த பிறகு தட்டோடு ஓடி வந்த பிள்ளைகளின் வேகத்தை நேரில் பார்த்தவள் நான்.

பருப்பு விலைதானே பிரச்சினை? உங்கள் வீட்டில் அரிசி கார்டு இருக்குமானால் ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். வீட்டில் அம்மா அதை அலுத்துக்கொண்டே வாங்கி அலமாரியில் வைத்திருப்பார். ஊருக்குப் போகும்போது வெறும் பையோடு திரும்பாதீர்கள். மேலே சொன்ன சாம்பார் சாதத்தில் நாலு பேருக்கான பருப்பு ரேஷன் விலையில் நாலரை ரூபாய். ரேஷன் பருப்பு வேக நேரமாகும் என்பார்கள். காலையில் கிளம்பும்போது ஊறப்போட்டுவிட்டுப் போனால், மாலையில் வெளிக் கடைப் பருப்பு போலவே குழையும். ரேஷன் அரிசியையும் இழிவாகப் பேசாதீர்கள். நாலு தரம் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்துக் கலந்த சாதமாகச் செய்தால் வித்தியாசம் தெரியாது. வெறும் சோறாக வடித்தால் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதெல்லாம் தனி ஆளாகச் செய்தால் கட்டுப்படியாகாது. ஒருவனுக்கு ஆக்கும் கேஸோடு இன்னும் கொஞ்சம் செலவிட்டால் நாலு பேருக்கு ஆகிவிடும். வடலூரில் இதைத்தான் பெரிய அளவில் பார்க்கிறோம். 1866-ல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு மே 23 அன்று வள்ளலார் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் இடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் ஒருவர் அரிசி, ஒருவர் காய், ஒருவர் விறகு என்று கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மூன்று வேளையும் யார் என்ன என்று கேட்காமல் இலை போடுகிறார்கள். மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாமல் போனால் வடலூருக்குப் பேருந்து ஏறிப் போய்ப் பந்தியில் உட்காருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பசித்தவன் வருவான் என்று தெரிந்துதான் அந்த அடுப்பு எரிகிறது. அம்மா உணவகத்தைத் தேடிப் போவதற்கும் அப்படியே. அந்த இட்லியைக் கேலி செய்கிற நண்பன் யாராவது இருந்தால் அவனிடமே கைமாற்று கேட்டுப் பாருங்கள்.

அறையில் கூட்டுச் சமையல் உடைவது பெரும்பாலும் பாத்திரம் கழுவுவதில்தான். சமைத்தவர் கழுவக்கூடாது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். காசை ஒருவரும் கணக்கை இன்னொருவரும் வைத்துக்கொள்ளுங்கள். தம்பிகளுக்குத் தனியாக ஒன்று: பக்கத்து அறைத் தங்கச்சிகள் நன்றாகச் சமைக்கிறார்கள், பணம் கொடுத்துவிடுகிறோம் என்று நைசாகப் போய் நிற்காதீர்கள். அவர்களுக்கும் அதே பரீட்சைதான்.

சாப்பாடு கெடுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. மிஞ்சிய சோற்றைக் குக்கரிலேயே மூடி வைத்துவிட்டு மறுநாள் சூடு பண்ணித் தின்னாதீர்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமியின் வித்து இருக்கும். வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சு கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ராத்திரி சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சச் சோற்றை ஆற்றி, குடிநீர் ஊற்றி, முடிந்தால் மண்சட்டியில் மூடி வையுங்கள். காலையில் லேசாகப் புளித்து மணந்தால் மோரும் உப்பும் போட்டுச் சாப்பிடுங்கள். வாடை மாறியிருந்தாலோ நூல் விட்டாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தேங்காய் அரைத்து விட்ட குழம்பை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். புளிக்குழம்பு என்றால் காலை, மாலை இரண்டு வேளையும் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்குங்கள். கொதித்த பிறகு கரண்டி போட்டுத் துழாவாதீர்கள்.

கேஸ் இணைப்பு இல்லையென்று இன்டக்‌ஷன் அடுப்போடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு: ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் கேஸ் ஏஜென்சிகளில் கிடைக்கிறது. முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள், அடையாள அட்டை ஒன்று போதும். வாங்கும்போது ரப்பர் குழாயின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரைத் திருகி மூடுகிற வேலை யாருடையது என்பதையும், அந்தப் பாத்திரக் கணக்கோடு சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
செம்மண்டலத்திலிருந்து ஒரு சத்துணவு டீச்சரம்மா